பிச்சியாவில் கார்2 கூட்டியபின் சுரப்பு குறைந்தால்

பிச்சியா ஈஸ்டில் கார்2 புரதத்தின் அளவைக் கூட்டியபின் உங்கள் புரதம் வெளியே சுரப்பது குறைந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். கார்2 கூட்டியதே காரணமாக இருக்கலாம். வெஸ்டர்ன் புளொட்டில் (குறித்த புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) கலத்துக்குள் பட்டை தடித்து வளர்ப்பூடகத்தில் மெலிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதற்குத்தான் பொருந்துகிறது. கார்2 சரியாக மடியாத புரதத்தைப் பிடித்து வைக்கிற சாப்பரோன், அதாவது மடிப்புக்கு உதவும் புரதம். அளவு மிஞ்சினால் விடுவிப்பதிலும் சுணங்கும்.

உங்கள் புரதத்தில் எட்டு சிஸ்டீன். இடறுவது சிஸ்டீன்களை இணைக்கும் இருசல்பைட்டுப் பிணைப்பில் என்றே நினைக்கிறேன், அதைச் சரியாக அமைப்பது பிடிஐ என்ற நொதியத்தின் வேலை. கார்2ஐ விட்டு பிடிஐ மட்டும் சேர்த்த குளோன் ஒன்றைப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. கலப்படிவையும் (அடியில் படியும் கலங்கள்) மேல்திரவத்தையும் தனித்தனியாக எடுத்து, புரதத்தை விரிக்கும் எஸ்டிஎஸ், டிடிடியுடன் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறியதும் பாதிக்கு எண்டோ எச் (புரதத்தில் ஒட்டிய சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் நொதியம்) போட்டு 37 பாகையில் 1 மணி நேரம் விட்டு, வெஸ்டர்ன் புளொட்டில் ஓட்டுங்கள்.

எண்டோ எச் போட்ட பாதியில் கலத்துப் பட்டை கீழிறங்கினால் புரதம் அகமுதலுருச் சிறுவலைக்குள் (புரதம் மடிந்து சர்க்கரை ஏறும் இடம்) போயிருக்கிறது. உங்கள் புரதத்தில் சர்க்கரை ஏறும் என்-கிளைக்கோசைல் தளம் இருந்தும் அசையவே இல்லையென்றால் சிக்கல் பெரும்பாலும் சிக்னல் பெப்டைட்டில் (புரதத்தைச் சிறுவலைக்குள் அனுப்பும் முன்துண்டு); சாப்பரோனோடு மினக்கெட வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: முலையூட்டிக் கலங்களைப் போலல்லாமல், ஈஸ்டின் மனோஸ் சர்க்கரைச் சங்கிலியை, சிறுவலைக்கு அடுத்த கட்டமான கொல்கை தாண்டியபின்னும் எண்டோ எச் வெட்டும். ஆகவே நொதியம் போடாத பாதியைப் பாருங்கள். ஒடுங்கிய பட்டை பெரும்பாலும் சிறுவலையில் நிற்பது, இழுபட்ட பட்டை கொல்கை தாண்டியது.

இன்னொன்று, குளிரூட்டி இல்லாத ஷேக்கர் 28 காட்டினாலும் அறையை விடக் குளிராது. திருகோணமலையில் கச்சான் (வெக்கையான தென்மேற்குக் காற்று) வீசும் நாளில் குடுவைக்குள்ளேயே வெப்பமானி விட்டுப் பாருங்கள். மெதனோல் கொடுத்துப் புரதம் ஆக்கத் தூண்டும் கட்டத்தில் 32 பாகை தாண்டினால் எந்தச் சாப்பரோனும் கைகொடுக்காது.