இரண்டு நெல் ரகங்களின் சராசரி: கருதுகோளை எப்படி எழுதுவது?

சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களில் அம்பை 16, டி.பி.எஸ். 5 இரண்டின் ஏக்கர் விளைச்சலையும் எடுத்துவிட்டீர்கள். இரண்டின் சராசரியும் வேறுபடுகிறதா என்று சோதிக்கக் கருதுகோளை எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி, சரி.

இன்மைக் கருதுகோள், அதாவது வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொண்டு சோதிக்கும் கூற்று: இரண்டு ரகங்களின் முழுமைத் தொகுதிச் சராசரிகளும் (நீங்கள் அளந்த வயல்கள் மட்டுமல்ல, அந்த ரகம் விளையும் எல்லா வயல்களின் சராசரியும்) சமம். மாற்றுக் கருதுகோள்: சமம் அல்ல. பலர் சறுக்குவது அந்த 'முழுமைத் தொகுதி'யில்தான். நீங்கள் எடை போட்ட நெல்லின் சராசரிகள் வேறுபடுவது கண்ணுக்கே தெரிகிறதே, அதற்கு எதற்குச் சோதனை?

'அம்பைதான் அதிகம்' என்று ஒருபக்கமாக எழுதுவதென்றால், நெல் களத்துக்கு வருமுன்பே எழுதிவிட வேண்டும். எடையைப் பார்த்தபின் திசையை மாற்றுவது போங்காட்டம்.

அப்புறம், இரண்டு ரகத்திலும் சிதறல் (வயலுக்கு வயல் விளைச்சல் மாறுபடும் அளவு) ஒரே அளவு என்று உறுதியில்லையா? சிதறல் சமம் என்று எடுத்துக்கொள்ளாமலே இரண்டு சராசரிகளை ஒப்பிடும் வெல்ச் டி-சோதனை போடுங்கள். ஒவ்வொரு வயலையும் பாதியாகப் பிரித்து இரண்டையும் நட்டிருந்தால் கதை வேறு: வயல்வாரியான வித்தியாசங்களின் சராசரி சுழியம் என்பதே இன்மைக் கருதுகோள்.