நாடக அரங்கில் பார்வையாளர் கண்ணில் படாத பகுதிகள் என்னென்ன?

அமெச்சூர் நாடகக் குழு ஒன்றில் விளக்குகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அரங்கில் கண்ணில் படாத பகுதிகள் எவை என்றும், விங், சைக், ஃப்ளை என்றெல்லாம் நாடகக்காரர்கள் பேசுவது எதைப் பற்றி என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

நல்ல அரங்கில் நம் இருக்கையிலிருந்து கண்ணில் படும் பகுதி மொத்த மேடையில் பாதிகூட இருக்காது. முன்னால் படச்சட்டம் மாதிரி நிற்கும் வளைவுக்குப் புரொசீனியம் என்று பெயர். இத்தாலியின் பார்மா நகரத்தில் 1618இல் கட்டிய ஃபார்னேஸே அரங்கில் இதன் ஆரம்பகால வடிவத்தை இன்றும் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்ததைத் திரும்பக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். இந்த வளைவு வந்த பிறகுதான் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற கணக்கு கறாரானது.

மறைப்பதில் முதல் வேலை விங்குக்கு. மேடையின் இரு பக்கமும் கறுப்புத் துணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். அவற்றின் இடைவெளியில்தான் நடிகர்கள் காத்திருப்பார்கள், அடுத்த காட்சிக்கான நாற்காலி மேசை நிற்கும், பக்கவாட்டு விளக்குகளும் அங்கேதான். துணி கட்டி முடித்ததும் நான் போய் முன்வரிசையின் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து எதிர்ப்பக்க விங்கைப் பார்ப்பேன். ஒருவர் முழங்கை தெரிந்தாலும் துணியை இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளிக் கட்டவேண்டும். இன்னொரு முனை இருக்கையிலிருந்தும் இதே சோதனை. நடு இருக்கையிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடக் கூடாது. விங்கின் தரையில் இருட்டில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கும்; விளக்கு அணைந்ததும் நடிகர் அதைப் பார்த்துத்தான் வெளியேறுவார்.

பின்னால் மேடையின் முழு அகலத்துக்கும் சுருக்கமே இல்லாமல் இழுத்துக் கட்டியிருக்கும் துணிதான் சைக் என்கிற சைக்ளோரமா. வானம், விடியல் எல்லாம் அதன்மேல் விழும் வெளிச்சம்தான்.

ஃப்ளை என்பது மேடைக்கு மேலே இருக்கும் கூண்டு. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் பின்பாதி மட்டும் கோபுரமாக உயர்ந்து நிற்கும். ஒரு காட்சித் திரை மடியாமல், சுருளாமல் அப்படியே மேலே ஏறி மறையவேண்டுமானால் புரொசீனியம் வாயைப் போல் இரண்டு பங்குக்கும் மேல் உயரம் வேண்டும். கப்பி, கயிறு, எதிர் எடை எல்லாம் அங்கே. நம் ஊர் நாடகக் கம்பெனிகளின் கொட்டகைகளில் அந்த உயரம் கிடையாது. அதனால்தான் தர்பார், தெரு, காடு என்று வரைந்த படுதாக்களை அடியில் கழி கோத்துச் சுருட்டி ஏற்றினார்கள். கெட்டிக்கார ஏற்பாடு.

முன்திரைக்கும் பார்வையாளருக்கும் நடுவே, தீ பரவாமல் தடுக்க ஒரு பாதுகாப்புத் திரை பெரிய அரங்குகளில் இருக்கும். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கில் நடந்ததைச் சொல்லியாகவேண்டும். ஆர்க் விளக்கின் பொறி துணியில் பற்றியது. பாதுகாப்புத் திரையாக இருந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) திரையை இறக்கினார்கள். அது பாதியில் சிக்கி நின்றுவிட்டது. மேடைக்கு மேலே புகை வெளியேறவேண்டிய திறப்புகள் மூடிக் கிடந்தன. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அரங்கு திறந்து ஐந்தாறு வாரம்தான் ஆகியிருந்தது. விளக்கைத் தொடுகிற ஒவ்வொருவரும் இதைப் படித்திருக்கவேண்டும் என்பேன். துணிக்குப் பக்கத்தில் சூடான விளக்கை மாட்டச் சொல்லி யார் கேட்டாலும் நான் சம்மதிப்பதில்லை.

மேடைக்கு அடியிலும் இடம் உண்டு. மேடைத் தளத்தில் திறக்கும் பொறிக்கதவு வழியாக ஆள் கீழே இறங்கலாம், மேலே வரலாம். மேடைக்கு முன்னால் பள்ளமாக இருப்பது வாத்தியக்காரர்கள் உட்காரும் பிட்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்குக்கு அளவே இருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். வாயில் இரண்டு. ஒரு பக்கமிருந்து வரும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவதாகச் சொல்லப்படும் கரந்துவரல் எழினி என்று திரை மூன்று வகை. 'தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து' என்ற வரிதான் எனக்கு உயிர். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைத்திருக்கிறார்கள். விளக்கு மாட்டுகிறவனுக்கு இன்றைக்கும் முதல் தலைவலி இதுதான்!

சென்னையில் பழைய அரங்கு ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் மியூசியம் தியேட்டருக்குப் போங்கள். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896இல் கட்டியது. இருக்கைகள் அரைவட்டமாகப் படிப்படியாக ஏறும்.

அப்புறம் ஒரு வருத்தம். இப்போது கட்டும் பல கூடங்களில் மேடையின் இரு ஓரமும் நேராகச் சுவரில் போய் முட்டுகிறது. கூட்டம் நடத்தவும் பொன்னாடை போர்த்தவும் அது போதும். நாடகம் போட்டால் நடிகர் நிற்க இடமில்லை, பொருள் வைக்க இடமில்லை, விளக்கை எங்கே மாட்டுவது? கூடம் கட்டத் திட்டமிடும் நிர்வாகி யாராவது இதைப் படித்தால், குளிர்சாதனத்துக்கும் கிரானைட்டுக்கும் செலவு செய்வதற்கு முன், மேடை வாயின் அகலத்தில் பாதியளவாவது ஒவ்வொரு பக்கமும் விங்குக்கு ஒதுக்குங்கள்.