ஸ்டாக்ஹோமில் ஒரு நாள்: பாஸ் வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி: ஜூன் மாதம் மகனைப் பார்க்க நானும் கணவரும் ஸ்வீடன் போகிறோம். மகனுக்கு லீவு இல்லாததால் ஒரு நாள் முழுக்க நாங்களே ஸ்டாக்ஹோமைச் சுற்ற வேண்டும். எல்லா மியூசியத்துக்கும் சேர்த்து ஒரு பாஸ் விற்கிறார்களாம், அதை வாங்கிவிட்டால் நிம்மதி என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?

பதில்: இந்தப் பஞ்சாயத்தில் நான் உங்கள் பக்கம். பாஸ் ஏமாற்று வேலை இல்லை, ஆனால் ஒரே நாளில் நான்கைந்து இடமாவது நுழைந்து வெளியே வந்தால்தான் கட்டுப்படியாகும், அப்படி ஓடினால் கால்வலிதான் மிச்சம். நிஜமாகப் பார்க்கப்போகும் இடங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காசு கொடுத்து நுழைய வேண்டியது இரண்டுக்கு மேல் தேறாது.

ஒன்று வாசா மியூசியம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1628 ஆகஸ்ட் 10 அன்று 64 பீரங்கிகளோடு கிளம்பிய போர்க்கப்பல், முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியே தண்ணீர் புகுந்து, கரையில் கூடியிருந்த ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கிப்போனது. 333 வருடம் கழித்து 1961-இல் தூக்கினார்கள். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கிற கப்பல் புழு அங்கே பிழைக்காது, அதனால்தான் மரம் மக்காமல் கிடந்திருக்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு, கண் பழகப் பழகத்தான் கப்பலின் பின்பக்கச் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும், நம் ஊர்த் தேரைக் கிட்டத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி. கோடையில் காலை 8.30-க்கே திறக்கிறார்கள், கூட்டம் சேர்வதற்குள் போய்விடுங்கள்.

இரண்டாவது, நகர மன்றம். நோபல் விருந்து நடக்கிற கட்டடம், வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். அங்கே 'நீல மண்டபம்' முழுக்கச் சிவப்புச் செங்கல்; நீலம் பூசத்தான் நினைத்தாராம் கட்டடக் கலைஞர், செங்கல்லின் அழகைப் பார்த்து மனம் மாறிவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஸ்கான்சென் திறந்தவெளி மியூசியம் அருமையான இடம்தான், ஆனால் அரை நாள் பிடிக்கும், இந்த முறை வேண்டாம்.

மீதியெல்லாம் இலவசம். அரண்மனை வாசலில் காவலர் மாறும் நிகழ்ச்சி, பழைய ஊரான கம்லா ஸ்டான், அதில் ஓரிடத்தில் 90 சென்டிமீட்டருக்குச் சுருங்குகிற படிக்கட்டுச் சந்து (எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கத்தான் வேண்டும்), மெட்ரோ நிலையங்களின் ஓவியங்கள் (இதற்குப் பயண டிக்கெட் மட்டும் போதும்). டி-சென்ட்ராலென் நிலையத்தில் நீல லைன் பிளாட்பாரத்துக்கு இறங்கிப் பாருங்கள், குடைந்த பாறை மேலேயே நீலக் கொடிகள் வரைந்திருக்கிறார்கள்.

போக்குவரத்தில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். ஒரு டிக்கெட் 75 நிமிடம் செல்லும், அதற்குள் மெட்ரோ, பஸ், டிராம் எதில் வேண்டுமானாலும் மாறலாம். ஸ்லுசென் துறையிலிருந்து வாசா இருக்கும் யூர்கோர்டன் தீவுக்குப் போகும் படகுக்கும் அதே டிக்கெட்தான், தண்ணீரில் போகும் ஆசை அதிலேயே தீர்ந்துவிடும். 24 மணி நேர டிக்கெட் ஏறக்குறைய நான்கு ஒற்றை டிக்கெட் விலைக்கு வரும், ஆகவே நாலு ஒற்றை டிக்கெட்டுக்கு மேல் தேவைப்படுமானால் அதை வாங்குங்கள். கேட்டில் வங்கிக் கார்டைத் தட்டியும் போகலாம், ஆனால் ஒரு கார்டுக்கு ஒரு ஆள். உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று இருக்கட்டும்.

சாப்பாட்டை மதியமே முடித்துவிடுங்கள். வார நாட்களில் 11 முதல் 2 மணி வரை 'டாகென்ஸ்' என்று ஒரு மதிய உணவு, சாலட், ரொட்டி, காபி எல்லாம் பெரும்பாலும் அதிலேயே அடக்கம். அதே கடையில் ராத்திரி போனால் கணக்கே வேறு. குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கும்.

கேள்வி: கையில் எவ்வளவு குரோனா மாற்றி எடுத்துப் போவது?

பதில்: மாற்றவே வேண்டாம். பணத்தை நீட்டினால் வாங்காத கடைகள் அங்கே நிறைய, கழிப்பறைக்குக்கூடக் கார்டு கேட்பார்கள். கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தட்டிக் கட்டும் வசதியையும் 'ஆன்' செய்யுங்கள், நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமே திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். இன்னொன்று, கடை மெஷினில் 'ரூபாயா, குரோனாவா' என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு குரோனாவை அழுத்துங்கள். ரூபாய் என்று பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி நான் ஒரு தடவை அழுத்திவிட்டேன், அப்புறம் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் அவர்கள் போட்ட மாற்று விலை என் வங்கி விலையைவிட ரொம்பவே மோசம்.

கேள்வி: சிவப்பு மரக்குதிரை பொம்மை வாங்க ஆசை. கடைக்குக் கடை விலை மாறுகிறதே? வரி திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: அது தாலா குதிரை. அசலானது தாலர்னா பகுதியில் நுஸ்னேஸ் கிராமத்தில் கையால் செதுக்கிப் பூசுவது. கம்லா ஸ்டானில் நடுவே பளபளவென்று மலிவாக இருப்பவற்றில் போலியும் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டை நிறுத்திப் பாருங்கள்: கைவேலையானால் சேணத்தின் பூவேலையில் தூரிகைக் கோடு ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது மாறியிருக்கும், அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் எங்கே செய்தது என்று கேளுங்கள்.

ஸ்வீடனில் பெரும்பாலான பொருளுக்கு 25 சதவீத வரி, அது விலைக்குள்ளேயே இருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் 'டாக்ஸ்-ஃப்ரீ' வசதி உள்ள கடையில் 200 குரோனாவுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் இருந்து வரியைத் திருப்பித் தரும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் முழு வரியும் வராது. அங்கேயே வசிக்கும் மகன் பெயரில் வாங்கினால் ஒன்றும் கிடைக்காது, நீங்களே வாங்க வேண்டும். வழியில் பிராங்க்பர்ட்டில் விமானம் மாறுவீர்களானால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி இடம் அதுதான், படிவத்தையும் பொருளையும் அங்கேதான் சுங்கத்தில் காட்ட வேண்டும். அதனால் குதிரையைக் கைப்பையில் வையுங்கள்.

வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா என்பது கடைக்காரர் இஷ்டம், சட்டப்படி அவர் வாங்கியே ஆக வேண்டியதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: களைத்துப்போனால் டாக்சி பிடிக்கலாமா?

பதில்: பிடிக்கலாம், ஆனால் ஏறுவதற்கு முன் பின்கதவு ஜன்னலில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டையைப் படியுங்கள். அங்கே டாக்சி கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைப்பதில்லை, கம்பெனி வைத்ததுதான் விலை. 10 கிலோமீட்டர், 15 நிமிடப் பயணத்துக்கு என்ன ஆகும் என்று அந்த அட்டையில் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். வரிசையில் முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை, எண் பெரிதாகத் தெரிந்தால் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போங்கள்.