கிரான்பெர்ரிக்குப் பதில் நாவல்பழம் சாப்பிட்டால் சிறுநீர்த் தொற்று வராதா?

சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் என்று சொல்லப்படும் வெளிநாட்டுச் சிறுபழம் கிரான்பெர்ரி. அதையும் நாவல்பழத்தையும் ஒப்பிட்டு, "இரண்டுக்கும் ஒரே கருஞ்சிவப்புதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் புடவைப் பிரிவில் ஆறு வருடம் நின்றவள் நான். ஒரே வருடத்தில் நான்கு முறை நீர்க்கடுப்பு. ஆடியில் நாவல்பழம் வந்ததும் தினமும் கால் கிலோ வாங்கி, நாக்கு ஊதாவாகும் வரை தின்றேன். ஆவணியில் ஐந்தாவது முறையும் எரிச்சல் வந்தது.

நாக்கில் ஒட்டும் அந்த நிறம் அந்தோசயனின். கிரான்பெர்ரியின் சிவப்பும் அதே குடும்பம்தான். ஆனால் தொற்றைத் தடுப்பதாகச் சொல்லப்படுவது அதன் துவர்ப்பு. புரோஅந்தோசயனிடின் என்ற அந்தத் துவர்ப்புப் பொருளுக்கு நிறமே கிடையாது. அமிலம் சேர்த்துச் சூடாக்கினால்தான் சிவக்கும். பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணமான ஈ.கோலை கிருமி, மயிரிழை போன்ற நீட்சிகளால் சிறுநீர்ப்பாதையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. பிடி கிடைக்காவிட்டால் சிறுநீரோடு போய்விடும். கிரான்பெர்ரியில் உள்ள 'ஏ வகை' புரோஅந்தோசயனிடின் அந்தப் பிடியைத் தளர்த்துவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். திராட்சையில் இருப்பது 'பி வகை'. அதற்கு அந்த வேலை வருவதில்லை. துவர்க்கிற பழமெல்லாம் ஒன்றல்ல.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 தொகுப்பாய்வு 50 ஆய்வுகளைப் பார்த்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு கிரான்பெர்ரியால் தொற்று வரும் ஆபத்து ஏறத்தாழ கால்வாசி குறைந்தது. கர்ப்பிணிகளிடம் பலன் தெரியவில்லை. வந்துவிட்ட தொற்றுக்கு அது மருந்தும் அல்ல.

எனக்குக் கைகொடுத்தது தண்ணீர். அந்தத் துணிக்கடையில் கழிப்பறை மூன்றாம் மாடியில்; ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் கூசியே காலை டீக்குப் பிறகு இரவு வரை வாய் நனைக்க மாட்டேன். வேலை மாறிய பிறகுதான் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக் குடிக்க முடிந்தது. குறைவாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு வருடத்துக்குச் சராசரியாக 1.7 முறை, மற்றவர்களுக்கு 3.2 முறை தொற்று வந்தது. இதைப் படித்தபோது அந்த ஆறு வருடத்தை நினைத்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கிரான்பெர்ரி வாங்குவதானால் ஜூஸில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். எரிச்சலோடு காய்ச்சலும் விலாப்பக்க முதுகுவலியும் சேர்ந்தால் பழம், தண்ணீர் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.