5 மணிக்கு எழுந்தும் எனக்கென்று நேரமில்லை

கேள்வி: பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 44. கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் வேலை. 5 மணிக்கு எழுந்ததும் காபியோடு தைராய்டு மாத்திரை போடுவேன். அப்புறம் வாசல், சமையல், பிள்ளைகளுக்கு டப்பா, 8.30 பஸ். காலையில் சாப்பிடுவதில்லை. 11 மணிக்கெல்லாம் தலைவலி, அசதி. வீடியோக்களில் ஒரு லிட்டர் வெந்நீர், தியானம், யோகா, ஜூஸ் என்று இரண்டு மணி நேரத்துக்கு வேலை சொல்கிறார்கள். இதில் நான் எதைச் செய்வது?

பதில்: அந்த வீடியோக்காரர்களுக்கு 8.30 பஸ் கிடையாது. நீங்கள் புதிதாக ஒரு வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். இப்போது செய்வதையே முன்பின்னாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

முதலில் மாத்திரை. தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின் என்று எடுத்துக்கொள்கிறேன். இதை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடுதான் போட வேண்டும். காபியோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. போட்ட பிறகு 30 முதல் 60 நிமிடம் வரை காபி, பால், சாப்பாடு எதுவும் வேண்டாம். கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரை அட்டையைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், மறக்காது. காபி 6 மணிக்கு. கும்பகோணத்துக்காரர்களிடம் காபியை விடச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை; ஒரு மணி நேரம் தள்ளிவைக்கத்தான் சொல்கிறேன்.

மாத்திரையோடு இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பதால் தனிப் பலன் எதுவும் இல்லை. பஸ்ஸிலும் கடையிலும் கழிவறைக்குப் போக முடியாது என்று பயந்து பல பெண்கள் காலையில் தண்ணீரையே தொடுவதில்லை. நீங்களும் அப்படித்தானோ என்று சந்தேகப்படுகிறேன். 5 மணிக்குக் குடித்த தண்ணீரில் பெரும்பகுதி பஸ் ஏறுவதற்குள் வெளியேறிவிடும். கடைக்குப் போனதும் மறுபடி குடியுங்கள். நாள் முழுக்க அடக்கிவைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம்.

அடுத்தது வாசல். விடிவதற்கு முன்பே தெளித்துக் கோலம் போட்டு முடித்துவிடுவீர்கள். காபி டம்ளரோடு வெளிச்சம் வந்த பிறகு இன்னொரு தடவை திண்ணைக்கோ கொல்லைக்கோ வாருங்கள். பத்து நிமிடம் போதும். காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடும், இரவில் நேரத்துக்குத் தூக்கமும் வரும். அந்தப் பத்து நிமிடம் போனை உள்ளேயே வைத்துவிடுங்கள். தியானம் என்று தனியாக உட்கார வேண்டியதில்லை, இதுவே போதும்.

உங்கள் தலைவலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது வெறும் வயிற்றைத்தான். முந்தின இரவு 9 மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் மதியம் வரை காபியிலேயே ஓட்டினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? டிபன் செய்ய நேரமில்லை என்றால் பழைய சோறு இருக்கிறதே! நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் இதற்கென்று தனியாக அடுப்பேற்ற வேண்டியதில்லை. மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் சோறு மட்டும் போதாது. ஒரு அவித்த முட்டையோ, முந்தின நாள் ஊறவைத்து வேகவைத்த பயறு ஒரு கைப்பிடியோ சேருங்கள். மோர் மிளகாயும் ஊறுகாயும் தினமும் வேண்டாம், உப்பு ஏறிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் சோற்றைப் பாதியாக்கிப் பயறைக் கூட்டுங்கள். சாப்பாட்டோடு காபி குடிக்காதீர்கள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். 6 மணிக்குக் காபி, 8 மணிக்குச் சாப்பாடு என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

யோகா, ஜூஸ் இரண்டையும் மறந்துவிடலாம். பழத்தை அப்படியே சாப்பிடுவது நல்லது. உடற்பயிற்சி வேண்டும்தான். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அதைக் காலையிலேயே முடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சாயங்காலம் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வேகமாக நடந்து வீட்டுக்குப் போங்கள். கடையில் உட்கார இருக்கை கேளுங்கள், கூச்சம் வேண்டாம். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. 5 மணிக்கு எழ வேண்டுமானால் 10 மணிக்குள் படுத்தாக வேண்டும். மார்கழியில் 4 மணிக்கே எழுந்து பெரிய கோலம் போடுகிறவராக இருந்தால், அந்த மாதம் 9 மணிக்கே படுத்துவிடுங்கள். மிச்சப் பாத்திரத்தைப் பிள்ளைகள் கழுவட்டும்.

இப்படி இரண்டு வாரம் பாருங்கள். அசதி போகவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பாருங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. திடீரென்று வரும் கடுமையான தலைவலி, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போவது என்றால் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை போடும் முறையை மாற்றிய விஷயத்தை உங்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காபி இல்லாமல் போடும்போது மருந்து கூடுதலாக உடம்பில் சேரும் என்பதால் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து அவர் முடிவு செய்வார். அதுவரை நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.