காலையில் கடகடக்கும் பிஎம்டபிள்யூ 520டி கார்: முன்பணம் கொடுக்கலாமா?

இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். காட்பாடியில் நீங்கள் பார்த்த 2012 பிஎம்டபிள்யூ 520டி காலையில் கிளப்பியதும் சில நொடிகள் கடகடவென்கிறது, விற்பவரோ "டீசல் வண்டி அப்படித்தான்" என்கிறார். எனக்கு அந்தச் சமாதானம் போதாது.

அந்த வண்டியில் இருப்பது என்47 இன்ஜின். அதன் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி) முன்பக்கம் இல்லை, கியர்பாக்ஸ் பக்கமாகப் பின்னால் இருக்கிறது. செயின் தளர்ந்தாலோ அதன் வழிகாட்டிப் பட்டை தேய்ந்தாலோ இந்தச் சத்தம் வரும். மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும், செலவு அதில்தான். அறுந்தால் இன்ஜினே போய்விடும்.

சோதனைக்கு விடியற்காலை ஆறு மணிக்கே போங்கள். நம் வேலூர் வெயிலில் பத்து மணிக்கு எல்லா பானெட்டும் சுடும். சத்தத்தை மறைக்க விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தாரா என்று அப்போது கண்டுபிடிக்க முடியாது. பானெட் சில்லென்று இருக்கும்போது ஒருவர் கிளப்பட்டும். நீங்கள் முன்கண்ணாடியை ஒட்டிய பக்கம், அதாவது செயின் இருக்கும் இன்ஜினின் பின்பக்கம், காது வையுங்கள். பிறகு இன்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வரை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். உலோகம் உரசும் ஒலி அங்கிருந்து வந்தால் விட்டுவிடுங்கள்.

முன்பக்கத்திலிருந்து வந்தால் பெல்ட், புல்லி போன்ற சிறிய வேலையாக இருக்கலாம். காது ஏமாற்றும், மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போங்கள்.

கர்நாடகப் பதிவெண் என்கிறீர்களே, வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரியும் கட்ட வேண்டும். அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.