விழுந்த பின்பும் இரட்சிப்பு உண்டா? – கடிதம்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

கேத்தி பக்கமிருந்து எழுதுகிறேன். பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். பாலாடாவில் கழுவிய கேரட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது வேலை. சின்ன வயதிலேயே குடிக்கப் பழகிவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஊட்டியில் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் அழுது முழங்கால்படியிட்டு ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். அன்றோடு குடி நின்றது. சபையில் சாட்சி சொன்னேன். இனித் தொடமாட்டேன் என்று என் மகள் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

போன மாதம் கூடலூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ராத்திரி மண்டபத்துக்கு வெளியே விறகு போட்டு நெருப்பு காய்ந்துகொண்டிருந்தோம். எல்லாம் பழைய சேக்காளிகள். “குளிருக்கு ஒரு கட்டிங்தானே” என்றார்கள். குடித்துவிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை. வீட்டில் தெரிந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் இப்போது என் முகத்தையே பார்க்கிறாள்.

காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். உபவாசம் இருக்கிறேன். முன்பிருந்த சந்தோஷம் வரவில்லை. சாயங்காலம் ஆனால் நாக்கு தேடுகிறது. “உண்மையாக இரட்சிக்கப்பட்டவன் விழமாட்டான்” என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். அப்படியானால் நான் இரட்சிக்கப்படவே இல்லையா? கர்த்தருடைய பெலத்தைச் சார்ந்துகொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சார்ந்துகொள்வது என்றால் என்ன செய்யவேண்டும்? இந்த மாதத் திருவிருந்தில் நான் சேரலாமா?

பெயர் போடவேண்டாம் ஐயா.

*

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

முதலில் உங்கள் மகள். மற்றதெல்லாம் பிறகு. இதை வாசித்த அன்றைக்கே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “அப்பா உன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியது தப்பு. அப்பா குடித்ததற்காக உனக்கு ஒன்றும் ஆகாது. உன் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.” சுற்றி வளைக்காமல் இப்படியே சொல்லுங்கள். குடியை விடுகிறேன் என்கிற அப்பாக்கள் நம் ஊரில் பிள்ளை தலையில்தான் கை வைக்கிறார்கள். அப்பா கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பிள்ளைதான் அதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகும். சத்தியமே பண்ணவேண்டாம் என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொல்கிறார். உன் தலையின் பேரிலும் வேண்டாம், அதில் ஒரு மயிரை வெள்ளையாக்கவோ கறுப்பாக்கவோ உன்னால் முடியாதே என்கிறார் (மத்தேயு 5:36). தன் தலைமேலேயே அதிகாரம் இல்லாதவன் பிள்ளையின் தலையை எப்படிப் பணயம் வைக்க முடியும்? அந்தச் சத்தியத்தை ஆண்டவர் உங்களிடம் கேட்கவில்லை. அவர் கேட்காத ஒன்றுக்காக உங்கள் பிள்ளையைத் தண்டிக்கிறவரும் அவர் அல்ல.

கல்யாண மண்டபத்து நெருப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் நான் எடுத்துப் பார்த்தது யோவான் 18-ஆம் அதிகாரம். இயேசு பிடிபட்ட ராத்திரியை எழுதும்போது யோவான் குளிரையும் விடாமல் எழுதுகிறார். “குளிர்காலமானபடியினாலே” ஊழியக்காரரும் சேவகரும் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்ந்தார்கள், அவர்களோடு பேதுருவும் நின்று குளிர்காய்ந்தான். எருசலேமும் மலைமேல் இருக்கிற ஊர்தான், 750 மீட்டருக்கு மேல். பஸ்கா சமயத்து ராத்திரியில் அங்கே குளிரும். அந்த நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் யார்? ஆண்டவரைப் பிடித்துக் கட்டிக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் நடுவில், அவர்கள் மூட்டிய நெருப்பில் பேதுரு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சில மணி நேரத்துக்கு முன்புதான் “நான் உம்மோடே மரிக்கவேண்டியதாயிருந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன்” என்று சொல்லியிருந்தார். பொய்யாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். நீங்கள் மகள் தலையில் கை வைத்ததும் மனதாரத்தான். ஆனால் அந்த ராத்திரியில் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தபோதும் பேதுரு சபித்துச் சத்தியம் பண்ணித்தான் மறுதலித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். சத்தியம் பண்ணுகிற வாய் இரண்டு பக்கமும் பண்ணும்.

இதில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது, இது நடப்பதற்கு முன்பே ஆண்டவர் சொன்னதை. “நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்” (லூக்கா 22:32). பேதுரு விழுவார் என்று அவருக்குத் தெரியும். சேவல் கூவுவதற்கு முன்பு என்று நேரமும் சொல்லிவிட்டார். தெரிந்தும், விழுவதற்கு முன்பே ஜெபித்து முடித்துவிட்டார். அடுத்த வரியில் “நீ குணப்பட்டபின்பு” என்கிறார். குணப்பட்டால் என்றுகூடச் சொல்லவில்லை. சகோதரரே, உங்கள் இரட்சிப்பு உங்கள் மூன்று வருடக் கட்டுப்பாட்டின் மேல் நிற்கவில்லை. இந்த ஜெபத்தின் மேலும், அதைச் செய்தவர் மறுநாள் சிலுவையில் செய்ததின் மேலும் நிற்கிறது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்று பவுல் எபேசியருக்கு எழுதுகிறார். உங்களால் உண்டாகாததை ஒரு ராத்திரியில் நீங்களே இல்லாமல் ஆக்கிவிட்டதாக நினைக்கிறீர்கள்.

அந்தப் பிரசங்கியார் சொன்னதை நான் ஏற்கவில்லை. விசுவாசி இரட்சிப்பை இழக்கமுடியுமா என்பதில் இழக்கமாட்டான் என்கிற கால்வின் வழி வந்தவர்களுக்கும் இழக்கலாம் என்கிற வெஸ்லி வழி வந்தவர்களுக்கும் பல தலைமுறையாக வழக்கு உண்டு. எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தை இருவரும் இரண்டு விதமாக வாசிப்பார்கள். ஆனால் விசுவாசி பாவத்தில் விழவே மாட்டான் என்று இரண்டு தரப்பிலும் பொறுப்பான போதகர் யாரும் சொல்லமாட்டார். “நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்” என்று யோவான் எழுதியது சபையில் இருந்தவர்களுக்குத்தான். தவிர, எபிரெயர் நிருபம் எச்சரிப்பது கிறிஸ்துவைத் தெரிந்தும் உதறிவிட்டுப் போகிறவனை. அப்படிப்பட்டவன் நாலு மணிக்கு எழுந்து அழமாட்டான்.

சந்தோஷம் போய்விட்டது என்கிறீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மிஷனரியாக ஜார்ஜியாவுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியவர். 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் அவருடைய உள்ளம் அனல்கொண்டது. இதை எல்லா மேடையிலும் சொல்வார்கள். அவர் தொடர்ந்து எழுதியதைச் சொல்லமாட்டார்கள்: சற்று நேரத்துக்குள், “இது விசுவாசமாக இருக்கமுடியாது, உன் சந்தோஷம் எங்கே?” என்று சத்துருவாகிய சாத்தான் கேட்டானாம். ஆரம்பத்தில் வருகிற பரவசத்தைத் தேவன் சிலசமயம் தருகிறார், சிலசமயம் தராமல் வைத்துக்கொள்கிறார், அது அவருடைய சித்தம் என்று தாம் அப்போது கற்றுக்கொண்டதாக வெஸ்லி எழுதுகிறார். பாவம் செய்தபின் தாவீது ஜெபித்ததையும் பாருங்கள். “உமது இரட்சண்யத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து” என்கிறார் (சங்கீதம் 51:12). தொலைந்த சந்தோஷத்தைக் கேட்டுத் தேவனிடமே போகிறார். அது திரும்பி வரட்டும், பிறகு தேவனிடம் போகலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

சார்ந்துகொள்வது என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் லோடோடு குன்னூரிலிருந்து இறங்குகிறவர். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்கவேண்டும் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேக்கை மட்டும் நம்பி வருகிற வண்டி பர்லியாருக்கு முன்பே கருகல் வாடை அடிக்கும், கல்லாறு வருவதற்குள் பிடிக்காமல் போகும். நம் மன உறுதி அந்த பிரேக் மாதிரி. வேண்டியதுதான், ஆனால் இறக்கம் முழுவதும் அதையே மிதித்துக்கொண்டிருந்தால் தேய்ந்துவிடும். காலையில் நீங்கள் ஜெபிப்பது என்ன? ஆண்டவரே, எனக்கு இன்னும் உறுதியைக் கொடும், இன்று நான் ஜெயிக்கவேண்டும் என்பதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பவுலும் தன்னை வாதித்த வேதனையை, மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்னதை, எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டார். எடுக்கப்படவில்லை. “என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்” என்ற பதில் வந்தது. ஆசையே இல்லாமல் ஆக்கிவிடுவது சிலருக்கு அவர் செய்கிற தயவு. மூன்று வருடம் உங்களுக்கும் செய்தார், அது மெய்தான், அதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். இப்போது ஆசை இருக்கும்போதே தம்மைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்.

அந்தப் பிடிப்பு பெரும்பாலும் மனிதர் வழியாகவே வருகிறது. 1935 மே மாதம் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார விஷயமாக வந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர். வந்த காரியம் கெட்டுப்போயிற்று. ஹோட்டல் முன்கூடத்தில் நிற்கிறார், பக்கத்தில் பார். அங்கே இருந்த சபைப் பட்டியலைப் பார்த்துப் போதகர்களுக்கு போன் போட்டார். குடியோடு போராடுகிற இன்னொருவரோடு பேசினால்தான் தாங்கமுடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான், குடியை விட நினைக்கிறவர்கள் கூடி ஒருவரையொருவர் தாங்குகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். நம்மால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வதே அவர்களுடைய முதல் படி. இதில் உங்களுக்கானது ஒன்று உண்டு: வில்சனைச் சந்தித்து ஒரு மாதத்துக்குள் டாக்டர் பாப் வெளியூர் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். திரும்பி வந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் அந்த இயக்கம் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூடுகிற குழுக்கள் இருக்கின்றன, விசாரித்துப் போங்கள். அதுவரை, சபையில் நீங்கள் நம்புகிற ஒருவரிடம் சாயங்காலம் லோடு ஏற்றும்போதே போன் போட்டு, “அண்ணே, இன்றைக்கு நாக்கு தேடுகிறது” என்று சொல்லுங்கள். குடித்தபின் சொல்வதைவிட இது கஷ்டம். யாக்கோபு 5:16-ஐ வாசித்துப் பாருங்கள், சொஸ்தமாவதற்கு ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. நாலு மணி ஜெபத்தில் பாதியைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். வெறும் வயிற்றோடும் தூக்கமில்லாமலும் இருக்கிறவனுக்குச் சாயங்காலம் இரண்டு மடங்கு கஷ்டம். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் அடையும் தண்ணீரும்தான் கொண்டுவந்தான். பிரசங்கம் பண்ணவில்லை, சாப்பிடச் சொன்னான்.

மனநல மருத்துவரையும் பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். தினமும் குடிக்கிற நிலைக்கு மறுபடி போயிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவேண்டாம். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரை போகும், உயிருக்கே ஆபத்து. மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

குளிருக்குக் குடிப்பது என்ற பேச்சு நம் மலையில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. குடித்தால் தோலுக்கு ரத்தம் ஓடிவந்து சூடு போலத் தெரியும், உடம்பின் உள்சூடோ அந்த வழியாகவே வெளியே போகும். பனியில் குடித்துப் படுத்தவர்கள் விறைத்துப் போவது இதனால்தான்.

கிருபை என்று இவ்வளவு சொன்னேன், அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே” (ரோமர் 6). குடித்த நாளில் சாவியைத் தொடக்கூடாது. லோடு அழுகினாலும், முதலாளி திட்டினாலும், வாடகை போனாலும் சரி. அந்த வளைவுகளில் எதிரே வருகிறவர்களுக்கும் வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள். சாவியை உங்கள் மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். மன்னிப்பு கேட்கவேண்டியதும் முதலில் அவர்களிடம்தான். உடனே நம்பவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்டவர் உடனே மன்னிப்பார், மனைவிக்கு நாள் ஆகும். அது அவர்கள் உரிமை.

உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் ஆண்டவர் மறுபடி ஒரு கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்திருந்தார் (யோவான் 21:9). சாப்பிட்டு முடித்ததும் பேதுருவிடம் மூன்று தரம் கேட்டார். இனிமேல் மறுதலிக்கமாட்டாயே என்று ஒருதரமும் கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்றுதான் கேட்டார். நேசிக்கிறேன் என்றதும் தம்முடைய ஆடுகளை அவரிடம் ஒப்படைத்தார். உங்கள் சாட்சியும் முடிந்துபோகவில்லை. முன்பு சொன்னது அரைவாசிதான். மீதியைச் சொல்லும் காலம் வரும். இப்போது மேடையில் ஏறவேண்டாம்.

திருவிருந்தில் சேரலாமா என்றால், சேருங்கள். 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது, சோதித்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொள் என்று சொல்லவில்லை. சனிக்கிழமையே உங்கள் சபைப் போதகர் ஐயரைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அப்படியே பாத்திரத்தில் இருப்பது பழச்சாறா, புளித்த திராட்சரசமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புளித்ததாக இருந்தால் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். காரணத்தை ஐயர் அறிந்திருப்பார், வேறு யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.